அக்கரை ஸ்பைடர்மேன்!

நாகப்பட்டினத்தில் டவுன் பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் நாகூர். ஊர் வருவதற்கு முன்னாடியே தர்காவின் மனாராக்கள் தலைகாட்டிவிடும். மொத்தம் ஐந்து. அதில் உயரமானது 131 அடி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. முஸ்லிம் பெரியவரின் தர்காவுக்கு இந்து ராஜா கொடுத்த கிஃப்ட்!

கும்பிட்டுவிட்டு, இறால் பதித்த சூடான 'வாடா' ரெண்டை உள்ளே தள்ளிவிட்டு, அப்படியே கிழக்கே நடந்தால் சில்லடி கடற்கரை. சாயங்காலம் ஆனால் நம்ம ஊர்க் கடற்கரைகளில் என்ன நடக்கும்? பசங்க ஃபுட்பால்தான். கோல்போஸ்ட்? ரெண்டு ஜோடி செருப்பு. கோல்கீப்பர்? ஓடத் தெரியாதவன், இல்லேன்னா பந்துக்குச் சொந்தக்காரனோட தம்பி. பாவம், கோல் விழுந்தா திட்டு அவனுக்கு. தடுத்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க.

அந்தக் கோல்கீப்பர் தம்பிகளுக்குச் சொல்ல, இந்தக் கடலுக்கு அக்கரையில் ஒரு கதை இருக்கு பாஸ்.

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து மலேயாவுக்குக் கப்பல் போகும். கரைக்கு வர ஆழம் பத்தாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஜனங்க படகில் போய் ஏறுவாங்க. 'ரஜூலா'ன்னு பேரைச் சொன்னா டெல்டா தாத்தாக்கள் முகத்தைப் பாருங்க, பல்பு எரியும்! பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்னு இறங்கின ஜனங்க நாகூர் ஆண்டவரையும் மனசுல கூட்டிட்டுப் போனாங்க. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா பேரிலேயே கட்டடங்கள் எழும்பின. சிங்கப்பூரில் இருப்பது 1828-30ல் கட்டியது.

அப்படிக் கடல் தாண்டிய தமிழர்களின் வாரிசுகள் நிறைந்த மலேசியாவில் 1953ல் பிறந்தவர் ஆர்.ஆறுமுகம். சிலாங்கூர் மாநில அணி, அப்புறம் மலேசிய தேசிய அணி. வேலை? கோல்கீப்பர். நீளமான கை. எந்த மூலைக்குப் பந்து போனாலும் பாய்ந்து பிடிப்பார். ரசிகர்கள் வைத்த செல்லப் பேர், 'ஸ்பைடர்மேன்'!

1974ல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியாவுக்கு வெண்கலம். 1977லும் 1979லும் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் தங்கம். முன்னால் மொக்தார் டஹாரி கோல் அடிப்பார். நடுவே சோ சின் ஆன், சந்தோக் சிங் அரண் கட்டுவாங்க. கடைசியில் ஆறுமுகம். மலாய், சீனர், சீக்கியர், தமிழர்... ஒரே ஜெர்ஸி!

1980 ஏப்ரல். கோலாலம்பூர் மெர்டேகா ஸ்டேடியம். ஒலிம்பிக் தகுதிப் போட்டி. எதிரே தென்கொரியா. 2-1 என்று மலேசியா ஜெயித்தது. மாஸ்கோவுக்கு டிக்கெட் கன்ஃபர்ம்!

ஆனா போகல.

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க, மலேசியாவும் விலகியது. அந்த இடத்தில் ஈராக் ஆடியது. அதே மாஸ்கோவில் நம்ம சென்னை வி.பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி டீம் தங்கம் வாங்கியது. ஒரு தமிழர் கழுத்தில் மெடல். இன்னொரு தமிழர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். திறமையில் குறை இல்லை, ஃபார்ம் போகவில்லை. அவர் கைக்கு எட்டாத ஒரே பந்து, அரசியல் அடித்தது!

அத்தோடு அவர் கிளவுஸைக் கழற்றிவிடவில்லை என்பதுதான் விஷயம். அதற்குப் பிறகும் மலேசியாவுக்கு ஆடினார். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35தான். 2016ல் 'ஓலா போலா' என்ற மலேசியப் படம் அந்த 1980 அணியை வைத்து வந்தது. அதில் கோல்கீப்பர், ஒரு தமிழ்ப் பையன். ஒலிம்பிக் போகாத டீமை ஊர் மறக்கலை பாருங்க.

அக்கரைக்குப் போன கப்பலும் இப்போ இல்லை. 'ரஜூலா'வுக்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' 1985ல் தீப்பிடித்தது, அத்தோடு அந்த சர்வீஸ் முடிந்தது. ஆனா கந்தூரி சமயத்தில் வந்து பாருங்க. கொடி ஊர்வலத்தில் கப்பல் மாதிரியே ஜோடித்த ரதங்கள் தெருவில் மிதந்து வரும். கடலில் நின்றுபோன கப்பல் ஊருக்குள் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

அடுத்த காலேஜ் டூரில் வேளாங்கண்ணி வந்தால் நாகூரையும் லிஸ்ட்டில் சேருங்க. மணலில் ஒரு மேட்ச் போடுங்க. முடிஞ்சதும் கோல் அடிச்சவனைத் தூக்கிக் கொண்டாடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா முதல் வாடா கோல்கீப்பருக்கு!