படம் வந்தது, சத்தம் வரவில்லை

பால்-பி/ஜி என்றால் 5.5 மெகாஹெர்ட்ஸ், பால்-ஐ என்றால் 6.0, டி/கே என்றால் 6.5 என்று ஒரு அட்டவணை வருமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துவிடுகிற அட்டவணை. அது வில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு 800 ரூபாய் மிச்சம் பிடித்துத் தந்தது.

எங்களிடம் இருப்பது 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த இலவச கலர் டி.வி. 14 அங்குலம். ஏ.வி. சாக்கெட் எப்போதோ ஒடிந்துவிட்டது. அதனால் டிஷ் பாக்ஸிலிருந்து ஆன்டெனா வயர் வழியாகத்தான் இணைப்பு. போன தை மாதம் பாக்ஸ் ரிப்பேராகி, அப்பா வேறொன்று வாங்கி வந்தார். படம் கலரோடு வந்தது. சத்தத்துக்குப் பதில் 'உஸ்' என்று இரைச்சல்.

அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. டி.வி.யைக் காதால்தான் பார்க்கும். "படம் ஒங்களுக்கு, சத்தம் எனக்கு. எம் பங்க எவன்டா புடுங்குனது?" என்றது.

மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கரும் ஐ.சி.யும் போச்சு, 800 ஆகும்" என்றார். அப்பா பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அதுவரை அவர் கேட்டதே இல்லை. அன்றைக்கு, "நீ இதத்தானம்மா படிக்கிற? கொஞ்சம் பாரேன்" என்றார். கை நடுங்கியது என்பதே உண்மை.

வால்யூமைக் கூட்டினேன். இரைச்சலும் கூடியது. அப்படியென்றால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் உயிரோடுதான் இருக்கின்றன. படம் சுத்தமாக வருவதால் டியூனரும் சரி. டி.வி. சத்தத்தைத் தனியாகப் பிடிப்பதில்லை. பட அலைக்கும் ஒலி அலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுக்கிறது. நம் நாட்டு டி.வி.யில் உள்ள பில்டர் 5.5-ஐ மட்டுமே விடும். பாக்ஸ் அனுப்பியது 21-ஆம் சேனலில், படம் 471.25. நம் முறைப்படி ஒலி 476.75-ல் இருக்க வேண்டும். பிரிட்டனும் ஹாங்காங்கும் பயன்படுத்திய பால்-ஐ முறையில் அது 477.25. வித்தியாசம் 6, பில்டர் தடுத்துவிடும். கலர் இரண்டிலும் 4.43-லேயே இருப்பதால் படத்துக்குக் குறையில்லை. அப்பா ராத்திரி முழுக்க டியூனிங்கைத் திருகியும் பலிக்காததற்குக் காரணம், எவ்வளவு திருகினாலும் அந்த வித்தியாசம் மாறாது.

பாக்ஸின் மெனுவைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். 'சவுண்ட் சிஸ்டம்' என்ற இடத்தில் 'ஐ' என்றிருந்தது. 'பி.ஜி.' என்று மாற்றினேன். செய்தி வாசிப்பவரின் குரல் வீடே அதிரக் கேட்டது; வால்யூமை நான்தான் குறைக்காமல் விட்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் மலையில் இலங்கை ரூபவாகினி தெரியுமாம், சத்தத்தோடு. 1982-ல் தொடங்கிய அந்த நிலையமும் பால்-பி தான். கடல் தாண்டி வந்ததற்கு நம் பாஷை தெரிந்திருக்கிறது. ரெண்டடி வயரில் வந்த பாக்ஸுக்குத் தெரியவில்லை!

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கூப்பிட்டார்கள். ஒன்றில் வயர் கழன்றிருந்தது. இன்னொன்றில் வால்யூமைக் கூட்டியும் இரைச்சல்கூட வரவில்லை. பிரித்துப் பார்த்தால் ஸ்பீக்கர் நிஜமாகவே போயிருந்தது. அதே மெக்கானிக்கிடம் அனுப்பி வைத்தேன்.