அம்மாச்சி வீட்டுத் துவரை

ஆடி மாதம் போடிமெட்டில் சாரல் அடித்து ஏலச்செடிகள் நனைந்து நிற்கும். கீழே போடியில் எங்கள் கொல்லைப்புறத்தில் புழுதிக் காற்றுதான் சுழற்றும். விடியுமுன் அம்மா ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் காய் எடுக்கப் போய்விடுவாள். என்னையும் கொல்லையில் நின்ற நான்கு துவரைகளையும் வளர்த்தது அம்மாச்சிதான்.

மூன்று வருஷத் துவரை அது. தூர் என் கணுக்காலைவிடப் பருமன். உச்சிக் காயைப் பறிக்க உரலின் மேல் ஏற வேண்டும். எட்டு வயதில், வெயிலில் வாடுமே என்று தினமும் ஒரு செடிக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றினேன். இலை பழுத்துக் கொட்டியது. அம்மாச்சி வையவில்லை. மண்வெட்டி எடுத்துத் தண்ணீர் வடிய வாய்க்கால் கீறினாள்.

"இது வேரை ஆழத்துல விட்டிருக்கு ஆத்தா. தாகம் எடுத்தா அதுவே தேடிக் குடிச்சுக்கிரும். மேல தேங்குனா அழுகிப்போகும்."

அந்தச் செடி பிழைக்கவில்லை. அதைப் பிடுங்கியபோது வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் முடிச்சுகள் அவை என்று பின்னாளில் படித்தேன். அம்மாச்சி அந்தக் குழியிலேயே கத்தரி நட்டாள். அந்த வருஷம் கத்தரி அப்படிக் காய்த்தது.

ஐப்பசி மழைக்குப் பின் மஞ்சள் பூ வரும், முதுகில் சிவப்புக் கீற்றோடு. பின்னாலேயே காய்ப்புழுவும் வரும். பழைய சேலையை விரித்துக் கிளையை உலுக்குவோம். பொத்துப் பொத்தென்று விழும் புழுவைக் கோழிகள் விடாது. மார்கழி இரவுகளில் பச்சைக்காயை உப்புப் போட்டு அவித்து, மூவரும் அடுப்படியில் உட்கார்ந்து உரித்துத் தின்போம். அம்மா கையில் ஏலக்காய் மணக்கும்.

முற்றியதை அம்மாச்சி அடித்து, இரவு ஊறவைத்து, குழைத்த செம்மண்ணில் புரட்டி வெயிலில் காயப்போடுவாள். மண் கட்டிய துவரைக்குத் தொலி சுளுவாகக் கழலும். திருகையில் உடைப்பது என் வேலை. அந்தப் பருப்பு வேகும் வாசம் கடைப் பருப்புக்கு இல்லை.

காய்ப்பு ஓய்ந்ததும் இடுப்பளவு விட்டு வெட்டுவாள். துவரை மார் அடுப்புக்கும் கூடைக்கும் போகும். மொட்டையாகக் கோடையைக் கடந்து, அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986ல் பி.எஸ்.ஆர். 1 என்ற பல்லாண்டுத் துவரை வெளிவந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற அந்த ரகம், எங்கள் தேனிப் பக்கத்து மயிலாடும்பாறை நாட்டுத் துவரையிலிருந்து தேர்ந்தெடுத்தது. அதைப் படித்த அன்று அம்மாச்சி இல்லையே என்று அழுதேன்.

வருகிற ஆடியில் வேலியோரம் நாலு விதை ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்டுங்கள். பிறகு தூரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.