பட்டாளத்து வீட்டுப் பெண்

மூக்கண்டப்பள்ளியில் இருந்துகொண்டு பட்டாளத்தை மறக்க முடியாது. பக்கத்து மத்திகிரியில் கம்பெனியார் 1824-ல் படைக்குதிரைகளுக்கென்று பண்ணை வைத்தார்கள். வடக்கே போனால் 1809-ல் தோன்றிய பெங்களூர் கண்டோன்மெண்ட். குதிரைக்குப் புல் வேண்டும். வெள்ளைச் சிப்பாய்க்குப் பொழுது போக வேண்டும். அதற்குத்தான் தண்டுகளில் நாடகக் கொட்டகை.

பெண் வேஷம் கட்டியவர்கள் யார் தெரியுமா? மீசை முளைக்காத இளம் அதிகாரிகள்! நமக்கென்ன சிரிப்பு? 1891-ல் சென்னையில் பிறந்த சுகுண விலாச சபையில் ரங்கவடிவேலு கதாநாயகியாக வரவில்லையா?

கல்கத்தாவில் 1789-ல் திருமதி பிரிஸ்டோ என்ற சீமாட்டி தம் வீட்டிலேயே மேடை போட்டு நடித்தார். ஊரே மெச்சியது. பணக்கார வீட்டுப் பெண்மணி. பொழுதுபோக்குக்கு நடித்தால் பெருமைதானே. ஆனால் எனக்கென்னவோ எஸ்தர் லீச்சின் கதைதான் மனத்தைவிட்டு அகலுவதில்லை.

எஸ்தர், 1809-ல் மீரட்டில் ஒரு சாதாரணச் சிப்பாய்க்குப் பிறந்தவள். பட்டாளத்து மேடைகளில் சிறுமியாகவே நடித்தாள். வாழ்க்கைப்பட்டதும் ஒரு பட்டாளத்துக்காரருக்கே. 1826-ல் கல்கத்தா சௌரங்கி கொட்டகையில் ஷெரிடன் நாடகத்தில் டீஸில் சீமாட்டியாக வந்தபோது வயது பதினேழு. லண்டன் சீமாட்டியை அவள் எங்கே பார்த்தாள்? பார்த்ததெல்லாம் மீரட்டின் தூசிதான். ஆனாலும் அவளை ‘இந்தியாவின் சிடன்ஸ்’ என்று கொண்டாடினார்கள். சிடன்ஸ் அம்மையார் லண்டன் மேடையின் மகாராணி.

1839-ல் சௌரங்கி கொட்டகை எரிந்து சாம்பலாயிற்று. எஸ்தர் ஒடுங்கிப் போகவில்லை. நன்கொடை திரட்டினாள், கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு பிரபுவும் கொடுத்தார். 1841-ல் பார்க் தெருவில் ‘சான் சூசி’ என்ற புதுக் கொட்டகை எழுந்தது. கவலையில்லாத இடம் என்று பொருள். பெயர் வைத்த வேளையைப் பாருங்கள்!

அந்நாளில் மின்விளக்கு ஏது? எண்ணெய் விளக்குத்தான். 1843 நவம்பர் 2-ஆம் தேதி, பெரிய நாடகம் முடிந்து சிறு நகைச்சுவை நாடகம் நடந்துகொண்டிருந்தது. திரைக்குப் பக்கத்தில் தன் முறைக்காகக் காத்து நின்றவளின் உடையில் விளக்குச் சுடர் பற்றிக்கொண்டது. எரியும் உடையோடு மேடைக்கே ஓடி வந்தாள். பார்க்க வந்தவர்களுக்கு எதிரிலேயே! பதினாறு நாள் துடித்து, 18-ஆம் தேதி கண்ணை மூடினாள். வயது முப்பத்துநான்கு.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த நேரம் வீட்டுக்குள் ஓடியிருப்பாள். இவளுக்கு வீடு எது? சிறுமியாயிருந்த நாள்தொட்டு மேடைதானே.

கொட்டகை அதற்குப்பின் தள்ளாடித்தான் நடந்தது. 1848-ல் வைஷ்ணவ சரண் ஆட்டியர் என்ற வங்காளி இளைஞர் அங்கே ஒதெல்லோவாக நடிக்க முன்வந்தார். வெள்ளையர் மேடையில் கறுப்பு மூருக்கு நிஜமாகவே மாநிறக்காரர்! முதலில் குறித்த நாளில் திரை எழவில்லை. துணை வேஷங்களுக்கு இருந்த சிப்பாய்களை டம்டம் படைத்தலைவர் விடவில்லை. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 17-ல் நாடகம் நடந்தது. அவருக்கு எதிரே டெஸ்டிமோனாவாக நின்றவள் ஆண்டர்சன் அம்மாள். எஸ்தருடைய மகள்.