இருபத்தைந்தில் எழுதுவதே ஐம்பத்தெட்டில் கிடைக்கும்

பிள்ளைகளே, வேலைக்குச் சேர்ந்த கையோடு இந்தப் பெரியவர் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் தொடங்கி, தொழிலாளர் நல அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். மீசை அரும்பும் வயதில் ஆலைக்குள் வந்தவர்கள், ஐம்பத்தெட்டில் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தவன். ஒரே ரிங் ஃபிரேமில், ஒரே ஷிப்டில், ஒரே கூலிக்கு உழைத்த இருவரில் ஒருவர் முதுமையில் நிமிர்ந்து நடக்கிறார். மற்றவர் மகன் கையை எதிர்பார்த்து நிற்கிறார். இந்த வேறுபாடு எதனால் என்று நெடுங்காலம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். உழைப்பில் இருவருக்கும் குறைவில்லை. தனக்குச் சேர வேண்டியது எது என்று தெரிந்துகொண்டு, அதைக் கலைக்காமல் காத்தவர் நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

இந்த உரிமைகள் யாருடைய தயவிலும் வந்தவை அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிச் சட்டம், அதாவது நாம் பி.எஃப். என்று சொல்வது, 1952இல் வந்தது. பணிக்கொடைச் சட்டம், அதாவது நாம் கிராஜுவிட்டி என்று சொல்வது, 1972இல் வந்தது. தனியார் தொழிலாளர்களுக்கான இன்றைய ஓய்வூதியத் திட்டம் 1995ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரசு ஊழியர்களின் ஓய்வூதியம் பற்றிய நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் இரங்கிக் கொடுக்கும் ஈகையல்ல, செய்த பணிக்கான உரிமை என்பது அதன் சாரம். ஓய்வூதியர்கள் அந்த நாளைத் தங்கள் நாளாகவே இன்றும் கொண்டாடுகிறார்கள். முன்னோர் போராடிப் பெற்றதைப் பின்னோர் படித்துக்கூடப் பார்க்காமல் விட்டால், பெற்றதும் பெறாததும் ஒன்றே.

எங்கள் ரீலிங் பிரிவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். தொண்ணூறுகளில் கோவையில் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தடுமாறியபோது, இருவரும் மில் விட்டு மில் மாற நேர்ந்தது. ஒருவர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார். மகளுக்குச் சீர், வீட்டுக்கு ஓடு, மாமனார் காரியம் என்று அவர் சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. மற்றவருக்கும் அதே செலவுகள் இருந்தன. ஆனால் பென்ஷன் பங்கை மட்டும் அவர் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் பணிக்காலத்தைப் பதிவு செய்து தரும் ஸ்கீம் சர்டிபிகேட்டாக வாங்கி, ரேஷன் கார்டோடு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தார். பத்தாண்டு பணிக்காலம் இருந்தால்தான் ஓய்வூதியம். ஐம்பத்தெட்டு வயதில் முன்னவர் கணக்கில் பத்தாண்டு தேறவில்லை. பின்னவருக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒன்றாம் தேதிக்குப் பிறகு அவர் யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

இதன் கணக்கு எளிது. உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் உங்களிடமிருந்து பிடிக்கப்படுகிறது. நிர்வாகமும் 12 சதவீதம் போடுகிறது. நிர்வாகத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். அதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் என்ற வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். இருபதாண்டு நிறைவு செய்தவருக்கு இரண்டாண்டு கூடுதலாகக் கணக்கில் சேரும். இன்றைய விதிப்படி, வரம்புச் சம்பளத்தில் 33 ஆண்டு வேலை செய்தவருக்கு 35 ஆண்டாகக் கணக்கிட்டு 7,500 ரூபாய் கிடைக்கும். பெருக்கலில் சம்பளம் ஒரு பக்கம், ஆண்டுகள் மறுபக்கம். சம்பளத்துக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள். ஆண்டுகளைச் சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இன்றைய பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேலை மாறுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், காலம் அப்படி. ஆனால் மாறும்போது பழைய பணிக்காலத்தைக் காசாக்கிவிட்டுப் போகாதீர்கள். யு.ஏ.என். என்ற ஒரே எண் உங்களுடனேயே வருகிறது. பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். புது வண்டிக்கு முன்பணம் கட்ட நீங்கள் எடுக்கும் தொகை, அறுபது வயதில் உங்களுக்கு மருந்து வாங்க வைத்திருந்த தொகை. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கு மட்டுமல்ல.

அடுத்தது காகிதம். வேறொரு ஆலையில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், ஓய்வு பெற்றதும் கிராஜுவிட்டி கேட்டார். தொடக்கத்துப் பல ஆண்டுகள் அவர் காண்ட்ராக்டர் ஆளாக இருந்தவர், அதெல்லாம் கணக்கில் வராது என்று நிர்வாகம் கைவிரித்தது. அவர் வாதம் செய்யவில்லை. ஆண்டு வாரியாக நூல் போட்டுக் கட்டிய சம்பளச் சீட்டுகளைப் பையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பழுப்பேறிய ஒவ்வொரு சீட்டிலும் அந்த ஆலையின் முத்திரை இருந்தது. தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு போட்டோம். வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு வந்து, வராந்தா பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். இறுதியில் முழுப் பணிக்காலத்துக்கும் வட்டியோடு வந்தது. கோபம் மட்டும் இருந்தால் இரண்டாவது வாய்தாவோடு ஓய்ந்திருப்பார். அவரிடம் சீட்டு இருந்தது. அதனால் பொறுமைக்கும் பலம் இருந்தது. ஆதாரம் இல்லாத பொறுமை ஏமாளித்தனம்; பொறுமை இல்லாத ஆதாரம் பாதி வழக்கு.

கிராஜுவிட்டியின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாண்டு தொடர் பணி முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். கடைசியாக 20,000 ரூபாய் வாங்கியவர் முப்பதாண்டு உழைத்திருந்தால் ஏறத்தாழ 3,46,000 ரூபாய் வரும். உச்சவரம்பு 2018இலிருந்து 20 லட்சம். குறித்த கால ஒப்பந்தத்தில் சேருவோருக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனை வேண்டாம் என்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும் உங்களில் பலருக்கு இது நேராகப் பொருந்தும்.

நாமினி விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் சொல்லி மாளாது. திருமணத்துக்கு முன் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்த ஓர் இளைஞர், மணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் அதை மாற்றவில்லை. பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். குடும்பம் அமைந்ததும் அண்ணன் பெயர் செல்லாமல் போகும் என்பது விதி. அதை நிறுவுவதற்குள் வாரிசுச் சான்று, பெயர்த் திருத்தம், அண்ணனின் ஒப்புதல் என்று அந்தப் பெண் கைக்குழந்தையோடு அலைந்த அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தேன். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஏழு லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீடும் பி.எஃப்.போடு சேர்ந்தது. அதற்குத் தொழிலாளி ஒரு காசும் கட்டுவதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. அன்பு நெஞ்சில் இருந்தால் போதாது; படிவத்திலும் இருக்க வேண்டும்.

நாளை அதிகாரியாக அமரப்போகும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கண் மங்கிவிட்ட ஒரு பழைய ஃபிட்டரை, வேலை நீக்கக் கோப்பில் பெயர் எழுதி என் அறைக்கு அனுப்பினார்கள். மேலாளர் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரைப் புதிதாக வந்த பயிற்சிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். அந்தக் கிழவர் ஸ்பிண்டில் மீது விரலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் பயின்றவர்களே பிற்காலத்தில் அந்த ஆலையின் மேஸ்திரிகள் ஆனார்கள். அந்த முடிவுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. நிர்வாகத்துக்கு நட்டமும் இல்லை. தமிழக அரசே தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியது. வயதானவரிடம் குறைவது வேகம். அந்த வேகத்தை மட்டும் அளந்து ஆளை எடைபோடும் நிர்வாகம், தன் அனுபவத்தைத் தானே வாசலுக்கு வெளியே அனுப்புகிறது.

ஓய்வுக்குப் பின்னும் சில உரிமைகள் உண்டு; அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது நிறைவால் ஓய்வு பெற்றவர், மாதம் பத்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், அவரும் அவர் துணையும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் பெறலாம். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எதிரிலேயே குடியிருந்தும் இது தெரியாமல், தனியார் மருத்துவமனைக்கு நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

ஓய்வூதியம் வாங்குபவர் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதற்கான மின்னணு முறை 2014இல் வந்தது. ஒருமுறை ஓய்வூதியர் ஒருவரை அழைத்துப்போனேன். விரலைக் கருவியில் வைத்தார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார், அப்போதும் ஏற்கவில்லை. பத்து விரலையும் பார்த்தாயிற்று. "ஏனுங் சார், இத்தன வருசம் நூலப் புடிச்ச கைங்க. ரேகையையும் மில்லே வாங்கிட்டுதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். இப்போது முகத்தைக் கைபேசியில் காட்டியே சான்று கொடுக்க வழி இருக்கிறது. சான்று கொடுக்க முடியாமல் ஓய்வூதியம் நின்றுபோய்விட்டதாகக் கலங்கும் முதியவர் உங்கள் தெருவிலும் இருப்பார். உங்கள் கைபேசியில் சில நிமிடத்தில் முடிகிற காரியம் அது.

இத்தனை சொல்வதால், இருப்பதெல்லாம் போதுமானது என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். 1995 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இலிருந்து மாதம் 1,000 ரூபாயாகவே இருக்கிறது. ஒரு முதியவரின் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் அது காணாது. அதை உயர்த்தக் கேட்பது நியாயம். கேட்டுக்கொண்டே இருப்பது கடமை. எங்கள் தலைமுறை தனக்கு முந்தையவர்கள் கேட்டதன் பலனை உண்டது. உங்கள் முதுமைக்கு வேண்டியதை இப்போதே சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். நரைத்த பிறகு கேட்டால் குரலில் வலு இருக்காது.

ஆகவே, பிள்ளைகளே, இந்த வாரமே ஓர் இரவு உட்காருங்கள். பி.எஃப். கணக்கைத் திறந்து, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வேலையின் கணக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நியமன ஆணையையும் சம்பளச் சீட்டுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, அது எந்த இடம் என்று வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவையுங்கள். பிறகு உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் அவர்களுடைய காகிதங்கள் எங்கே என்று கேளுங்கள். உழைப்பவருக்கு முதுமை நிச்சயம். அதில் மரியாதை இருக்குமா என்பது இன்று நீங்கள் காக்கும் கணக்கைப் பொறுத்தது.