உதவி ஆசிரியரும் ஆணி புடுங்குறவனும்

அம்பத்தூர் எஸ்டேட்ல பொட்டி தட்டுற மக்களுக்கு தினமணி ஆபீஸ் தெரிஞ்சிருக்கும். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு புதுமைப்பித்தன் ஞாபகம்தான். அவர் தினமணியில உதவி ஆசிரியரா இருந்தவர். (1934-ல பேப்பர் ஆரம்பிச்சப்ப இந்த எஸ்டேட்டே கிடையாது.)

அந்த வேலைன்னா என்ன? இங்கிலீஷ் சேதியைத் தமிழாக்கணும், அடுத்தவர் எழுதினதைத் திருத்தணும், தலைப்பு வைக்கணும், புரூஃப் பாக்கணும். கீழே பேர் வராது. நாம அடுத்தவன் கோட்ல பக் பிடிக்கிற மாதிரிதான் :-)

அதுக்கு நடுவுலதான் மனுஷன் ‘மனித யந்திரம்’ மாதிரி கதையெல்லாம் எழுதினார். 1943-ல ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகினப்ப இவரும் கூடவே விலகினார். 1948-ல காசநோய். வயசு 42.

இப்ப ஏன் இந்தக் கதைன்னா, ஒரு பத்திரிகையில என்னை உதவி ஆசிரியரா கூப்பிட்டிருக்காங்க. சம்பளம் இப்ப வாங்குறதுல மூணுல ஒரு பங்கு. “இதுக்கா இஞ்சினியரிங் படிச்சே?”ங்கிறாங்க அம்மா. கேள்வி நியாயம்தான்.

சொந்தமா எழுத நேரம் கிடைக்கும்னு போனா ஏமாந்துடுவேன். அங்கேயும் அடுத்தவர் எழுத்துதான். அடுத்தவர் வாக்கியம் சரியாகுறதுல சந்தோஷம் இருந்தா மட்டும் போகலாம். யோசிச்சுப் பார்த்தேன், எனக்கு இருக்கு. திங்கட்கிழமை பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லணும். அதான் பெரிய ஆணி!