உடம்பு போட்டால் சாப்பாடுதான் காரணமா?

வீட்டில் ஒரு பெண் பருத்துவிட்டால் போதும், ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். "மிச்சம் மீதியெல்லாம் வழிச்சுப் போட்டுக்கறா!" "மிக்ஸி, கிரைண்டர் வந்ததிலேருந்து உடம்பு வணங்கறதில்லே!" "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்!" பல பேருக்கு இதில் ஏதோ ஒன்று பொருந்தவும் செய்யும். ஆனால் சகோதரிகளே, இதில் எதற்குமே பொருந்தாத ஒரு பருமனும் உண்டு. அது எனக்கு வந்தது.

2019-ஆம் வருஷம். என் இரண்டாவது பையனுக்கு ஒரு வயசு முடிந்த சமயம். முகம் மட்டும் உருண்டையாகிக்கொண்டே வந்தது. கன்னங்கள் சிவந்து பளபளவென்று ஆயின. "நல்லாப் பூரிச்சுப் போயிருக்கே, கண்ணு பட்டுடும்!" என்றார்கள் உறவுக்காரர்கள். வயிறு பெருத்தது. பிடரிக்குக் கீழே ஒரு மேடு எழும்பியது. ஆனால் கையும் காலும்? குச்சி! ஜாக்கெட் வயிற்றருகில் பிடித்தது, கையிலோ தொளதொளத்தது. "குண்டாகிறவளுக்குக் கை எப்படிம்மா மெலியும்?" என்று முதலில் கேட்டது என் மாமியார்தான்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால், எதையாவது பிடித்துக்கொள்ளாமல் எழுந்திருக்க முடியாது. பையனைத் தூக்கி இடுப்பில் வைக்கத் தெம்பில்லை. கட்டில் முனை லேசாக இடித்தால் கூட நீலம் பாய்ந்துவிடும். வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதாக் கோடுகள். பிரசவக் கோடுகள் நாளாக நாளாக வெளுத்துப் போகும். இவையோ கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றன. மாதவிலக்கு நின்றது. மோவாயில் முடி முளைத்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு. காரணமே இல்லாமல் அழுகை. முப்பத்திரண்டு வயசில் பிரஷரும் சர்க்கரையும்!

பிரஷருக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், மாதவிலக்குக்கு ஒருவர் என்று இரண்டு வருஷம் போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தது, 2021-இல் நாங்கள் போன ஹார்மோன் டாக்டரம்மாதான். "நாலு வருஷத்துக்கு முந்தின போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இவர் மறுநாள் என் வளைகாப்பு போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டரம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டால வந்த உடம்பு இல்லேம்மா" என்றார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குச் சொல்லிவந்த எனக்கு, அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது.

வியாதிக்குப் பெயர் குஷிங். நம் சிறுநீரகங்களின் மேல், குல்லாய் வைத்தாற்போல இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரப்பது கார்டிசால். இது இல்லாமல் உயிர் வாழ முடியாது. விடியற்காலையில் ஏறும், நடுராத்திரியில் நன்றாக இறங்கும். "இவ்வளவு சுரந்தால் போதும்" என்று கட்டளையிடுவது, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. அதில் ஒரு சின்னக் கட்டி வந்தால் கட்டளை ஓயாது; கார்டிசாலும் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். சிலருக்குக் கட்டி அட்ரினலிலேயே வருவதும் உண்டு. அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், 23 வயதுப் பெண் ஒருத்தியிடம் இந்த அடையாளங்களைக் கண்டு 1912-இல் எழுதினார். அதனால்தான் அவர் பெயர்.

"டென்ஷனைக் குறைச்சா கார்டிசால் குறைஞ்சிடும்" என்று பலர் எனக்குச் சொன்னார்கள். மனக்கவலையில் கார்டிசால் ஏறுவது வேறு, கட்டி சுரக்க வைப்பது வேறு. கட்டிக்குக் கஷாயமும் கிடையாது, பட்டினியும் கிடையாது.

பரிசோதனைகள் பயப்படும்படி இல்லை. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தேன். நடுராத்திரி உமிழ்நீர் எடுத்தார்கள். ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் மாத்திரை விழுங்கி, காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்தேன். நல்ல உடம்பானால் அந்த மாத்திரைக்குக் கார்டிசால் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிட்யூட்டரியில் கட்டி தெரிந்தது. மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். முதல் சில மாதங்கள்தான் கஷ்டம். அதிகக் கார்டிசாலுக்குப் பழகிய உடம்பு, அது குறைந்ததும் தவித்துப்போகிறது. மூட்டுக்கு மூட்டு வலி, சோர்வு, குமட்டல். தூங்கிக் கிடந்த சுரப்பி விழிக்கும்வரை, ஏறக்குறைய ஒரு வருஷம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிட்டேன். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். இவருக்கும் மாமியாருக்கும் மனப்பாடம்!

எலும்பு மெலிந்திருந்ததால் கால்ஷியமும் வைட்டமின் டி மாத்திரையும் கொடுத்தார்கள். உப்பைக் குறைத்தேன். பயறு, முட்டை, மோர், கேழ்வரகு சேர்த்துக்கொண்டேன். வாசல் வரை நடை, பிறகு தெருக்கோடி வரை நடை. இப்போது பிரஷர் மாத்திரை இல்லை. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்தாயிற்று. கட்டி திரும்பவும் வரக்கூடும் என்பதால், வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு.

என் மாதிரிக் கட்டியால் வருவது மிக அபூர்வம். ஆனால் இதே வியாதி மருந்தால் வருவது அவ்வளவு அபூர்வமில்லை. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் அரிப்பு இவற்றுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் உடம்பில் கார்டிசாலின் வேலையைச் செய்பவை. தேவையான வியாதிக்கு, டாக்டர் கண்காணிப்பில் அவை உயிர்காக்கும் மருந்து. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாதக்கணக்காக வாங்கிச் சாப்பிட்டால்தான் வம்பு. பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடியிலும் அது கலந்திருக்கலாம். முகம் வெளுக்க என்று பூசும் சில கிரீம்களிலும் இருக்கிறது. குழந்தையின் இடுப்புப் புண்ணுக்கு இப்படிப்பட்ட கிரீமைத் தடவி, மேலே டயாபர் கட்டினால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். பச்சைக் குழந்தைக்கே முகம் உப்பிப்போகும். இளம் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் தடவ வேண்டாம்.

அதற்காகப் பயந்து, நாள்பட்டுச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. தூங்கும் சுரப்பி உடனே விழிக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வெறும் பருமனுக்காக யாரும் கலங்க வேண்டாம். ஆனால் முகமும் வயிறும் பெருத்துக் கைகால் மெலிகிறதா, ஊதாக் கோடுகள் தெரிகின்றனவா, தரையிலிருந்து எழ முடியவில்லையா, சின்ன வயசிலேயே பிரஷர் சர்க்கரையா? குழந்தையானால், எடை ஏறிக்கொண்டே உயரம் நின்றுவிட்டதா? எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, சாப்பிடும் மருந்து, பூசும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பழைய போட்டோ ஒன்றுடன் ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் வீட்டு மருமகளோ மகளோ அப்படி இருந்தால், அவள் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கையைப் பாருங்கள்.