கானில் போட்டது எங்கே போகிறது?



டயகமையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கான் ஓடுகிறது. சொப்பிங் பேக், மீன் கழிவு, பிள்ளையின் பம்பர்ஸ் எல்லாவற்றையும் அதில்தான் போட்டு வந்தேன். மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும், வீடு சுத்தம்!

ஒருநாள் கீழ் லயத்து அக்கா வந்தார். "புள்ளைங்க குளிக்கிற எடத்துல ஒங்க வீட்டு பம்பர்ஸ் வந்து அடைச்சு நிக்குதும்மா" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அந்தக் கான் ஆக்ரா ஓயாவில் விழுகிறது. ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு போய் மகாவலியில் கலக்கிறது. கண்டியில் குழாயைத் திறக்கும் சகோதரிக்கும் மகாவலி நீர்தானே?

'பிரதேச சபை அள்ளட்டும்' என்பீர்கள். தோட்டங்களுக்குச் சபை பணம் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாயிருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். ஆனால் அள்ளிக் குவிப்பதும் முடிவல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. இப்போது என்னிடம் இரண்டு வாளிகள். மரக்கறித் தோலும் மீன் கழிவும் குழிக்குள் போகும். மேலே அடுப்புச் சாம்பல், மண். உக்கியதும் போஞ்சிக்கு உரம். போத்தல்களைப் பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார்.

பம்பர்ஸ்தான் சிரமம். பகலில் துணிக்கு மாறினேன். இந்தக் குளிரில் அடுப்படியில்தான் காய்கிறது. இரவுக்கு ஒன்று இன்னும் வேண்டியிருக்கிறது.

கானில் எறியுமுன், கீழ்வீட்டுப் பிள்ளையை ஒரு கணம் நினையுங்கள் சகோதரிகளே!